நார்மலுக்கு ஒரு கை

ரத்தச் செல்களைச் சோதிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறை பற்றி நாங்கள் இருவர் சேர்ந்து தமிழில் எழுதிய கையேடு பழசாகிவிட்டது என்று பதிப்பாளர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கோபம். இயந்திரம் மாறிவிட்டது, சாயங்கள் கூடிவிட்டன, எங்கள் பழைய படங்களோ கொட்டிக் கிடக்கும் கடுகு மாதிரி இருந்தன. திருத்திய பதிப்புக்குத் திட்டம் போட்டுத் தரச் சொன்னார்.

இருவர் என்றால், நானும் சாரும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவர் எனக்கு மூத்தவர். அத்திப்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாஷ்டா பொட்டலத்தோடு கூடத்துக்கு வந்துவிடுவார். இட்லியைத் தின்றுகொண்டே எந்த அத்தியாயத்தை வெட்டுவது என்று சண்டை போடுவோம். அவருக்கு எதையும் வெட்ட மனசு வராது. எனக்கோ பாதிப் புத்தகம் வேண்டாம் என்று தோன்றும்.

முதல் அத்தியாயத்தில் மட்டும் சண்டை இல்லை. ரத்தத்துச் செல்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தின் குறுக்கே ஓடவிட்டால், ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாக விழும். அதுதான் எங்கள் தொழில். நல்ல ரத்தத்தின் புள்ளிகள் எப்படி இருக்கும் என்று முதலில் காட்டினால்தான் கெட்டதை அடையாளம் காணமுடியும். அந்த நல்ல ரத்தத்துக்கு எங்கே போவது? "நார்மல் வேணும்" என்று யாராவது குரல் கொடுத்தால், வேலை செய்கிறவர்களில் ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்காருவார். எங்கள் கூடத்தில் அது பெரும்பாலும் சார்தான். பழைய பதிப்பின் முதல் படமும் அவர் ரத்தம்தான். "ஊட்ல யாரும் என்ன நார்மல்னு ஒத்துக்க மாட்டேன்றாங்க, புக்குலயாவது இருக்கட்டும்" என்பார்.

புதுப் பதிப்புக்கும் அவரே கை நீட்டினார். நான்தான் எடுத்தேன். சாயம் சேர்த்து இயந்திரத்தில் வைத்துவிட்டு இருவரும் திரை முன்னால் உட்கார்ந்தோம். பி செல்கள் என்கிற வெள்ளணுக்களில் கப்பா, லாம்டா என்று இரண்டு வகை உண்டு. நல்ல ரத்தத்தில் இரண்டும் கலந்தே இருக்கும். ஒரு வகை மட்டும் பெருகி மற்றது காணாமல் போனால் புற்றுநோயாக இருக்கலாம். திரையில் கப்பா மட்டும் திரண்டு நின்றது. லாம்டா இருக்கவேண்டிய இடம் ஏறக்குறைய காலியாக இருந்தது.

"டியூப்ப மாத்தி வெச்சிட்டியாம்மா?" என்றார்.

மாற்றவில்லை. மாற்றியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. இயந்திரத்தைக் கழுவி, மறுபடி அவர் கையிலிருந்தே எடுத்து ஓட்டினோம். அதே திரள். பழக்க தோஷத்தில் சார் மௌஸைப் பிடித்து அந்தத் திரளைச் சுற்றிக் கோடு போட்டார். நோயாளிகளின் செல்களுக்கு நாங்கள் போடுகிற அதே கோடு. முடித்த பிறகுதான் கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னா, பேசாம உக்காந்துக்கினு கீற? ரிப்போர்ட் எழுதத் தெரியாதா உனக்கு?"



நிணநீர்ப் புற்றுநோய், அதிலும் வேகமான வகை என்று சென்னையில் பார்த்த டாக்டர் சொன்னார். சிகிச்சை தொடங்கியது, முடி கொட்டியது, சார் வேலைக்கு வருவது நின்றது. பார்க்க வந்தவர்கள் நோய் வந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. காரணம் தெரிந்து இவர்கள் என்ன கிழிக்கப்போகிறார்கள்?

ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், புத்தகத்தை நிறுத்திவிடலாம் சார் என்றேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் தலையை ஆட்டினார்.

"நிறுத்தாத. என் படத்த அஞ்சாவது சாப்டர்ல, அதான் கேன்சர் சாப்டர்ல போடு. அவ்ளோ சுத்தமான படம் உனக்கு எந்த பேஷன்ட் குடுப்பான்?"

"மனுஷனா சார் நீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"மொத படத்துக்கு வேற ஆளப் பாரு" என்று சார் கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு ஆள் கிடைக்கவில்லை. கூடத்தில் நின்று நார்மல் வேணும் என்றேன். ஒருவருக்கு ஜலதோஷம், ஒருத்திக்குத் தலைசுற்றல், மற்றவர்கள் காதில் விழாத மாதிரி குனிந்துகொண்டார்கள். யாரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சார் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து என் கையை நானே நீட்டினேன்.

இயந்திரம் ஓடி முடித்தது. திரையை நேராகப் பார்க்கத் தைரியம் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்போனில் படம் பிடித்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் சாருக்கு அனுப்பினேன். அப்போதெல்லாம் அவர் யாருக்கும் பதில் அனுப்புவதில்லை. மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தேன்.

குரல் பதிவு வந்தது. நடுவே நடுவே மூச்சு வாங்கியது.

"யாருதுன்னு சொல்லவே வேணாம், தெரியுது. ரெண்டும் கலந்துதான் கீது. நீ நல்லா கீறம்மா. பயப்படாத, மொத படமா போட்டுடு."

எனக்கு உயிர் வந்தது. வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. அதுதான் அவர் பார்த்துச் சொன்ன கடைசி ரிப்போர்ட்.