சொண்டில் கட்டியுள்ள தாரா

புளியங்குளம் சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்க வேண்டும். கடவுச்சீட்டுப் படத்தில் மூக்குப் பெரிதாக விழுந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், "உங்கடை மூக்கை நானே செய்தனான்?" என்று கேட்டுக் கேட்டே கடையை நடத்திவருகிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று எல்லாவற்றுக்கும் கமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். அதே கமராவோடு விடியற்காலையில், கடை திறக்குமுன், மோட்டார் சைக்கிளில் குளங்களுக்கும் போவேன். அதுதான் ஊருக்குப் பிடிபடவில்லை.

"கொக்குக்கும் அடையாள அட்டை எடுக்கப் போறியளே அக்கா?" என்பான் எதிரே டயர் ஒட்டும் கடை வைத்திருப்பவன். எனக்குத் தம்பி வயது.

"ஓம், அதுகள் உன்னைப்போலப் படம் எடுக்கேக்கை கண்ணை மூடாதுகள்."

இப்படிப் பகிடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாரிக்கு முன் ஒரு காட்டுக்குளத்தில், பட்டுப்போன மரங்களில், காட்டு வாத்துகளான தாராக்கள் கொப்புத் தெரியாமல் அடைந்திருப்பதைக் கண்டேன். ஒரே சீழ்க்கைச் சத்தம். வெயில் ஏறும்வரை குந்தியிருந்து எடுத்த படம் அது. முகநூலில் போட்டேன். அடேயப்பா, எத்தனை பாராட்டு! எங்கே எடுத்தது என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். குளத்தின் பெயரைச் சொல்லாமல், பெரிய கெட்டிக்காரி என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

படத்தின் மூலையில், விரல் நுனி அளவுக்கு, உடைந்த துருசு ஒன்று விழுந்திருந்தது. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற அந்தத் துருசின் ஒரு செங்கல்லைக் காட்டினாலே எந்தக் குளம் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை.

எட்டு நாள் கழித்துப் பின்னேரம் டயர்க்கடைக்காரன் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, உங்கடை பங்கு."

பைக்குள் இறகு பிடுங்கிய ஆறு தாரா. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வேட்டைக்குப் போனவனுக்கு மட்டுமல்ல, எங்கே நிற்கிறது என்று துப்புச் சொன்னவருக்கும் இறைச்சியில் பங்கு போகும். கொடுக்காமல் விட்டால் அடுத்த வேட்டை அமையாது என்பார்கள்.

"நான் எப்ப உனக்குத் துப்புச் சொன்னனான்?"

"படம் போட்டனீங்களெல்லோ. துருசைப் பாத்த உடனை விளங்கீட்டுது. வலை கட்டினனாங்கள். நல்ல வேட்டை அக்கா!"

அவன் அதை அன்போடு சொன்னான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தெருவால் போனவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் அக்கா, பங்கு காணாதே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கடைசியில் பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். என் கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் பின்னால் போய்க் கிடங்கு வெட்டினார். ஆறையும் புதைத்தோம்.

மறுநாள் அந்தக் குளத்துக்குப் போனேன். கட்டு நெடுக இறகு. மரங்கள் வெறுமையாக நின்றன. குளக்கட்டில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். என் கமராவை நானே தண்ணீருக்குள் எறிந்துவிடலாம்போல் இருந்தது. வனசீவராசிக் கந்தோரில் அறிவித்தேன், எழுதி எடுத்தார்கள், அவ்வளவுதான்.

"உந்த வேலையை விடுங்கோ" என்று கண்டவர் நின்றவர் எல்லாம் புத்தி சொன்னார்கள். நான் ஏன் விட வேண்டும்? வலை கட்டியவன் விடட்டும். அவனுக்குச் சொல்லப் பயம், பொம்பிளைக்குச் சொல்ல எல்லாருக்கும் வாய் வரும். விடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஆனால் அன்றையிலிருந்து ஒரு பறவையின் படத்தையும் நான் வெளியே விட்டதில்லை. கணினியில் இருந்தவற்றையும் அழித்தேன். எல்லாம் கமராவின் சின்ன நினைவக அட்டைகளில், கடை மேசை லாச்சிக்குள், பூட்டின் கீழ்.

எடுப்பதை மற்றவர்கள் பார்க்கவே கூடாதென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கடையில் படம் எடுக்கும்போது ஆட்களுக்குப் பின்னால் தொங்கவிடும் பெரிய சீலை ஒன்று இருந்தது. பனிமலை, அருவி, இரண்டு அன்னம். எந்த நாடோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு வெள்ளை அடித்தேன். காய்ந்த பிறகு, அட்டைகளில் இருந்த பறவைகளைப் பார்த்துப் பார்த்துத் தூரிகையால் கீறத் தொடங்கினேன். கமரா கண்டதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். கட்டு, துருசு, மரம் ஒன்றையும் விடாது. சீலையில் தண்ணீர் நான் விட்ட இடத்தில் நிற்கும்.

சொன்னதுபோல் லேசாக இருக்கவில்லை. முதல் கீறிய கொக்கைப் பார்த்துவிட்டு, "இது கொக்கோ, வேலிக் கதியாலோ?" என்று கேட்டார் என் கணவர். அழித்தேன். திரும்பக் கீறினேன். ஒரு நாரையின் காலுக்கு மட்டும் ஒரு மாதம் போனது. பிறகு மெல்ல மெல்லக் கை படிந்தது. சனங்களும் பனிமலையைத் தேடவில்லை. பிறந்தநாள் பிள்ளைகளை நாரைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன மாரி முடிந்த கையோடு, வேறொரு குளத்தில், நான் வாழ்நாளில் காணாத ஒரு தாராவைக் கண்டேன். வீட்டு வாத்தைவிடப் பெரியது. வெள்ளை உடம்பு, பச்சையும் நீலமுமாக மினுங்கும் முதுகு, மை தெளித்ததுபோல் தலை. சொண்டின்மேல், அலகு தலையோடு சேரும் இடத்தில், கறுப்பாக ஒரு பெரிய கட்டி. கமராவுக்குள்ளால் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டியில்லாத பேடு ஒன்று மரப்பொந்துக்குள்ளிருந்து தலையை நீட்டியது. அடை இருக்கிறது! வீட்டுக்கு வந்து கணவருக்கு மட்டும் சொன்னேன். ஆனால் கை சும்மா இருக்குமா? ஒரு கிழமைக்குள் சோடி இரண்டும் சீலைக்கு வந்துவிட்டன, பொந்தோடு.

அந்தச் சீலைக்கு முன்னால்தான் டயர்க்கடைக்காரன் வந்து இருந்தான், மகளின் முதலாவது பிறந்தநாள் படத்துக்கு. பங்கு விஷயத்துக்குப் பிறகு ஒரு வருடம் அவனோடு கதைக்காமல் இருந்தேன். ஆனால் கடைக்கு வந்த பிள்ளையை என்ன செய்வது? மனைவி பக்கத்தில், பிள்ளை மடியில், கட்டியுள்ள தாரா அவன் தலைக்கு நேர் மேலே.

நான் கமராவைப் பிடிக்கவும் ஒரு பெரியவர் போட்டோக்கொப்பி எடுக்க வந்தார். வவுனியாவில் படிப்பித்து ஓய்வுபெற்றவர், பறவைகளைக் கணக்கெடுத்து எழுதுகிறவர் என்று பிறகு அவரே சொன்னார். சீலையைக் கண்டதும் கையிலிருந்த தாள்களை மேசையில் போட்டுவிட்டார்.

"பிள்ளை, இதை ஆர் கீறினது?"

"நான்தான் சேர்."

"பேடு பொந்துக்குள்ளாலை பாக்குது. நேரிலை காணாமல் உப்பிடிக் கீறேலாது. இந்தப் பக்கம் இது குஞ்சு பொரிச்சதெண்டு ஒருத்தரிட்டையும் படம் இல்லை. உங்களிட்டை இருந்தா, உங்கடை பேரோடை புத்தகத்திலை வரும். எங்கை கண்டனீங்கள்?"

மேசையில் கிடந்த தாள் ஒன்றைத் திருப்பி, எழுதப் பேனாவை எடுத்தார். நல்ல மனிதர். லாச்சி அவருடைய கைக்கு நேர் கீழே இருந்தது. எனக்கு ஆசை வந்தது. ஏன் மறைக்க வேண்டும்? எத்தனை கலியாணம் எடுத்திருக்கிறேன், ஒரு அல்பத்திலும் என் பெயர் இல்லை. என் பெயர் ஒரு புத்தகத்தில்!

டயர்க்கடைக்காரன் பிள்ளையை ஆட்டுவதை நிறுத்தியிருந்தான். கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தான். "நல்ல இறைச்சி இருக்கும்போலை" என்று மனைவிக்குச் சொன்னான்.

"நான் காணேல்லை சேர்" என்றேன். "சும்மா மனசிலை வந்ததைக் கீறினனான்."

"மனசிலை வந்ததோ? அந்தக் கட்டி?"

"வடிவாயிருக்கட்டும் எண்டு நான்தான் வைச்சனான்."

அவருடைய முகம் விழுந்துவிட்டது. "அப்ப இது பொய். பாக்கிற சனத்தை ஏமாத்திறியள், பிள்ளை. தெரியாததைக் கீறக்கூடாது."

என் நாக்கு எழும்பியது. சந்தியில் ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை, சொல்ல நான் விட்டதுமில்லை. பல்லைக் கடித்தேன். "ஓம் சேர், பொய்தான்" என்றேன். அவர் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு, கொப்பியும் எடுக்காமல் போய்விட்டார். கதிரையில் இருந்தவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"எனக்கு அப்பவே தெரியும் அக்கா, உப்பிடி ஒரு தாரா உலகத்திலை இல்லையெண்டு."

"சிரிக்காதை, படம் ஆடும்" என்று சொல்லி அழுத்தினேன்.

சேருக்கு என்ன கோபமோ, கதை எங்கும் பரவிவிட்டது. ஸ்ரூடியோ அக்கா பொய்த்தாரா கீறி வைத்திருக்கிறா என்று பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். நான் அழிக்கவில்லை. கட்டியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி விட்டேன்.

அடுத்த கிழமை விடியற்காலையில் நான் குளத்தில் நின்றபோது, பேடு பறந்து இறங்கி மரத்தடியில் நின்று கூப்பிட்டது. பொந்தின் வாயில் குஞ்சு ஒன்று வந்து எட்டிப் பார்த்தது. ஐயோ, விழப்போகிறது என்று நினைக்க முன்னம் குதித்துவிட்டது. சருகில் விழுந்து, ஒரு தரம் உருண்டு, எழும்பி ஓடியது. பிறகு மற்றது. பிறகு மற்றது. ஒன்பது குஞ்சும் தாய்க்குப் பின்னால் தண்ணீரில் இறங்கும்வரை எடுத்தேன். ஒன்றும் பிசகவில்லை.

அந்தப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. இதை வாசித்துவிட்டு நீங்களும் கடைக்கு வருவீர்கள். வாருங்கள், தேத்தண்ணீர் தருவேன். எந்தக் குளம் என்று கேட்டால், உங்கள் முகத்தை நேரே பார்த்துப் பொய் சொல்வேன்.