பால் பொங்கியது எங்கள் அடுப்பில்

எங்கள் வீட்டுப் பால் பொங்கியதற்குச் சென்னையில் ஒரு மியூசிக் கம்பெனி உரிமை கொண்டாடியது. சொன்னால் சிரிப்பார்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது சிரிப்பு இல்லை.

நீடாமங்கலம் கடைத்தெருவில் என் கணவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து போட்ட கடை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியில் வியாபாரம் செய்கிறவர்கள். வெங்காயம், கோலமாவு, பிளாஸ்டிக் குடம், மீன் என்று தெருத்தெருவாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர்கள். "யாராவது நல்லாப் பேசி இதுல ஏத்திக் குடுத்தா தேவலை பாய்" என்று பென் டிரைவை நீட்டுவார்கள். வீட்டில் ஒருத்தி நாள் பூராவும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாளே என்று அவருக்கு யோசனை போயிருக்கிறது. ஒருநாள் அந்தப் பென் டிரைவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இப்படித்தான் நான் தொழிலுக்கு வந்தேன்.

எழுதுவது நான், பேசுவது நான், கதவைச் சாத்திக்கொண்டு போனில் பதிவு செய்வதும் நான். இழுத்துப் பேசும் அந்த ராகம் மட்டும் என்னுடையது இல்லை. சின்ன வயதில் எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் ஐஸ் கொண்டுவந்தவரின் ராகம் அது. அவர் யாரிடமிருந்து எடுத்தாரோ தெரியாது.

வண்டிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது டீக்கடை ஓரம் வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் ஒருவர் பென் டிரைவை இன்னொருவர் வாங்கி நகல் எடுத்துக்கொள்வார். அனுமதி கேட்பதெல்லாம் கிடையாது. கேட்டால், "என்னை அந்நியன்னு நெனச்சுட்டியா?" என்று கோபித்துக்கொள்வார்கள். ஒரு மீன்காரர் அப்படி முழுதாக நகல் எடுத்ததில் இன்னொரு மீன்காரரின் போன் நம்பரும் சேர்ந்தே போய்விட்டது. இவர் தெருவில் நின்று மைக்கில் விளம்பரம் போட, அவருக்கு ஆர்டர் குவிந்தது. இந்தக் கூத்து வேண்டாமென்றுதான் ஒரு சேனல் ஆரம்பித்து, என் விளம்பரங்களை எல்லாம் அதில் ஏற்றி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

வேதாரண்யத்திலிருந்து உப்பு வண்டி ஒன்று எங்கள் ஊருக்கு வரும். அதற்குப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. "கல்லு உப்பு, தூளு உப்பு, வேதாரண்யத்து உப்பு, வீட்டு வாசலுக்கே வந்திருக்கு" என்று ராகம் இழுத்த இடத்தில் தீய்ந்த வாசனை வந்தது. அதே ராகத்தில், மூச்சுகூட விடாமல், "அடுப்ப அணைங்க மச்சான், பால் பொங்குது!" என்று கத்திவிட்டேன். பிறகு உப்பைத் தொடர்ந்தேன். அந்த இடத்தை வெட்டிவிட்டுத் தருவதாக இருந்தேன். அதற்குள் என் கணவர் வெட்டாததையே எடுத்துக்கொண்டு போய்ப் பென் டிரைவில் ஏற்றிவிட்டார்.

விஷயம் தெரிந்து, திருத்திய பதிவை உப்புக்காரரிடம் நீட்டினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அத வெட்டிராதீங்க பாயம்மா. உப்புக்கு யாரு வாசலுக்கு வர்றா? யாரு வூட்டு பாலு பொங்குதுன்னு பாக்கத்தான் வர்றாங்க. வந்த பொறவு உப்பு வாங்கிக்கிறாங்க."

என் மாமியாருக்குத்தான் மானம் போனது. "ஊரு பூரா நம்ம அடுப்பங்கரையப் பத்திப் பேசுது" என்று ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கென்னவோ வெட்கமாக இல்லை. உப்புக்காரர் சொன்ன தொழில் நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

மன்னார்குடியில் கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடும் டிஜே ஒருவர் இதைத் தெருவில் கேட்டிருக்கிறார். போனில் பிடித்து, என் குரலுக்கு அடியில் தவிலும் பறையும் சேர்த்து, "பால் பொங்குது, பால் பொங்குது" என்று திரும்பத் திரும்ப வரும்படி வெட்டி ஒட்டி ஒரு ரிசப்ஷனில் விட்டார். அவ்வளவுதான். மாப்பிள்ளைகள் ஆடினார்கள், பெண்ணின் சித்தப்பாக்கள் ஆடினார்கள், போனைத் திறந்தால் யாரோ ஒரு டீச்சர் ஸ்டாஃப் ரூமில் ஆடுகிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. மனிதர் நன்றாகவும் செய்திருந்தார். என் குரலுக்கு இவ்வளவு தாளம் இருக்கிறது என்று எனக்கே அவர்தான் காட்டினார்.

அந்தப் பாட்டை அவர் கம்பெனிக்குக் கொடுத்தபோது வந்தது வினை. கம்பெனி அதைத் தன் சொத்தாகப் பதிந்துகொண்டது. வீடியோ தளத்தில் ஒரு இயந்திரம் உட்கார்ந்து, யார் எதை ஏற்றினாலும் இது யார் சொத்து என்று ஒத்துப்பார்த்துக்கொண்டே இருக்குமாம். அது என் சேனலில் இருந்த உப்பு விளம்பரத்தைக் கேட்டது. கம்பெனியின் பாட்டில் வரும் குரல் இதில் இருக்கிறது, ஆகவே இது திருட்டு என்று தீர்மானித்தது. என் வாயிலிருந்து என் குரலை நான் திருடிவிட்டேன்.

ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு என்று அழுத்தினேன். கம்பெனி அதைத் தள்ளிவிட்டு வீடியோவையே எடுக்க வைத்தது. சேனலுக்கு எச்சரிக்கை வந்தது. இன்னும் இரண்டு முறை இப்படி ஆனால் சேனல் மொத்தமாகப் போய்விடும். வெங்காயம், குடம், கோலமாவு என்று அத்தனை பேருக்கும் பேசி வைத்தது எல்லாம் அதில்தான் இருந்தது.

"நமக்கெதுக்கு வம்பு? அவன் பெரிய கம்பெனி. உப்ப மட்டும் விட்டுரு" என்றார் என் கணவர். நானும் அரை மனதாக அந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன். கோர்ட், கேஸ் என்றால் நம் பக்கத்தில் யாருக்குத்தான் பயம் இல்லை?

அந்த வாரம் உப்பு வண்டி வந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. மாமியார் எதற்கோ வாசலுக்குப் போனவர் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மைக் பேசாமல் கிடந்தது. உப்புக்காரர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தகரத்தட்டைத் தட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். ஒரு வாசலிலும் ஆள் இல்லை.

"ஏன் மைக்க போடல?" என்றேன்.

"போட்டா வண்டிய பிடிச்சுருவாங்களாம் பாயம்மா. அது இப்ப கம்பெனி பாட்டாமே. ரயில்வே கேட்டுகிட்ட பேசிக்கிட்டாங்க. நமக்கு இந்த ஒரு வண்டிதான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் முதலில் பேசியது மாமி.

"பாலு நம்ம பாலு. சட்டி நம்ம சட்டி. அணைச்சது எம் புள்ள. இதுல அந்தக் கம்பெனிக்காரன் யாரு? ஏ புள்ள, நீ விடாத!"

ஒரு வாரம் பேசாமலிருந்த அதே மாமிதான். கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது, அடித்துவிடுவார் என்பதால் கொடுக்கவில்லை.

தஞ்சாவூரில் என்னோடு படித்தவளின் அக்கா வக்கீலாக இருக்கிறார். வாழ்நாள் பூராவும் நிலத் தகராறுதான் பார்த்தவர். நாங்கள் போனபோது சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"காப்பிரைட் கேஸ் நான் தொட்டதே இல்லம்மா. நமக்கு பட்டா, சிட்டா, வரப்புச் சண்டை. ஆனா படிச்சுப் பாத்தேன். எழுதுனவங்களுக்கு எழுத்து மேல உரிமை. பேசுனவங்களுக்கு பேச்சு மேல உரிமை. பதிவு பண்ணுனவங்களுக்கு பதிவு மேல உரிமை. மூணும் நீங்கதான். எங்கயும் போயி ரிஜிஸ்டர் பண்ணிருக்கணும்னு கட்டாயமும் இல்ல. மூலப்பத்திரம் இருக்கா?"

பத்திரமா என்று விழித்தேன். "முதமுதலா பேசுன ரெக்கார்டும்மா, வெட்டாதது" என்றார்.

எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது, கேட்டுவிட்டேன். "ராகம் ஐஸ்காரர்கிட்ட எடுத்ததுங்க. நானும் திருடிதானே?"

"அவரப் போயி, இனிமே இந்த ராகத்துல கத்தாதேன்னு சொன்னீங்களா?"

"இல்லிங்க."

"அப்ப பேசாம இருங்க. எடுக்குறது எல்லாரும் எடுக்குறதுதான். எடுத்துட்டு வேலி போடுறான் பாருங்க, நமக்கு அவனோடதான் சண்டை."

அந்தப் பேச்சோடு என் உறுத்தல் தீர்ந்தது. டிஜே மேல் இருந்த வருத்தமும் பாதி குறைந்தது. போன் செய்தபோது அவர் அழாத குறை. "எல்லாம் என் சொந்தம்னு ஒரு கட்டத்துக்குள்ள டிக் போடச் சொன்னாங்கக்கா. படிக்காம போட்டுட்டேன். உங்க குரல்னு எங்க வேணா எழுதித் தர்றேன்." எழுதியும் தந்தார்.

மூலப்பதிவு என் பழைய போனில் இருந்தது. போன் செத்துக் கடை மேஜைக்குள் கிடந்தது. ஊரார் போன்களுக்கெல்லாம் உயிர் கொடுக்கிற என் கணவர், தன் பெண்டாட்டியின் போனை அதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு அதோடு மல்லுக்கு நின்றார். திரை வந்தது. பதிவு இருந்தது, கம்பெனிப் பாட்டு பிறப்பதற்கு வெகு முந்திய தேதியோடு. அதில் பால் பொங்கிய பிறகு நடந்ததும் இருந்தது. "அணைச்சுட்டேன், நீ பேசு" என்று அவர். "அணைச்சுட்டு சட்டிய எறக்குனீங்களா?" என்று நான். "ரெண்டு பேரும் ஒரு பாலக் காச்சத் தெரியாம" என்று மாமி. வக்கீல் அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்த வூட்டத் தவிர வேற எங்கயும் இது நடந்திருக்க முடியாது" என்றார்.

பதிவை இணைத்து வீடியோ தளத்துக்கு எதிர் மறுப்பு அனுப்பினோம். பொய் சொன்னால் சட்டப்படி நடவடிக்கை என்று அந்தப் படிவம் மிரட்டியது. என் கணவர் நகத்தைக் கடித்தார். நான் பெயர், முகவரி எல்லாம் போட்டு அனுப்பிவிட்டேன். இனி கம்பெனி கோர்ட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வீடியோ திரும்ப வந்தாக வேண்டும்.

கம்பெனி போகவில்லை. உரிமை கோரியதை விலக்கிக்கொண்டதாகத் தகவல் வந்தபோது நான் கெண்டை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்தக் கையோடு போனை எடுத்து இரண்டு முறை படித்தேன். பிறகு கத்தினேன் பாருங்கள், பால் பொங்கியதற்குக்கூட அப்படிக் கத்தியதில்லை. மாமி தட்டமாலைத் துணியைத் தலையில் சரிசெய்துகொண்டு நேரே கடைக்கு நடந்தார். இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பச் சொல்லிப் போட வைத்தார். கடைத்தெரு முழுக்க என் குரல் கேட்டது. அடுத்த நடையில் உப்பு வண்டி மைக்கைப் போட்டுக்கொண்டே எங்கள் தெருவுக்குள் நுழைந்தது, பின்னாலேயே வெங்காய வண்டியும். இரண்டு வண்டியிலும் நானே பேசினேன். அவ்வளவு பெருமை என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்தே ஒருவர் பேசினார். குரலில் தேன். பாட்டில் குரலும் சொல்லும் என்னுடையது என்று போட்டுவிடுகிறார்களாம். அடுத்ததாக ஒரு பாட்டு செய்கிறார்களாம், வேறொன்று அதே மாதிரி பேசித் தர முடியுமா?

"பேசலாங்க" என்றேன். "ஆனா ஒண்ணு. இனிமே எம் பேச்ச எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க எங்கிட்ட வந்து கேக்கணும்."

"கண்டிப்பா மேடம். எல்லாருக்கும் அதானே ரூல்."

"எல்லாருக்கும் இல்லிங்க. உங்களுக்கு மட்டும். வண்டிக்காரங்க கேக்க வேண்டாம்."