'நாங்க' என்று சொன்ன குற்றம்

போன வாரம் நோன்பு திறக்க, எனக்கு மூத்தவள், கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்தாவின் மகள் றிஸ்னா ஒரு மூலையில் முகம் வாடிப் போய் இருந்தாள்.

றிஸ்னா சாஃப்ட்வேர் இன்ஜினியர். கல்முனை வீட்டில் இருந்தபடியே ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். அங்கேயே சீனியர் பதவிக்கு இன்டர்வியூ கொடுத்திருந்தாள்.

"என்னகா புள்ள, முடிவு வந்திட்டா?"

"ஓம் மாமா. கிடைக்கல்ல. 'நாங்க' எண்டு கதைச்சிட்டனாம்."

எனக்கு விளங்கவில்லை. பழுதாகிக் கிடந்த ஒரு சிஸ்டத்தை இவள் தனியாக, மாதக்கணக்கில் மாரடித்துத் திருத்தியிருக்கிறாள். இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேட்டபோது, ஆங்கிலத்திலும் "நாங்கள் திருத்தினோம்" என்றே சொல்லியிருக்கிறாள். வந்த பதில் — தனிப்பட்ட பங்களிப்பு தெளிவில்லை!

வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம்...

நம்மூரில் யார் 'நான்' என்று கதைக்கிறார்கள்? ஒற்றை ஆளாய் உழைத்துக் கட்டியவனுக்கும் அது 'எங்கட வீடு'தான். 'நான் செஞ்சன்' என்று இரண்டு தரம் சொன்னால், பெருமையடிக்கிறான் என்று பக்கத்தில் இருப்பவன் எழும்பிப் போய்விடுவான்.

சரி, சீனியர் என்றால் என்னதான் செய்ய வேண்டும்? டீமை அணைத்துக்கொண்டு போக வேண்டும், புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அடுத்தவர் பிழையையும் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். இதெல்லாம் 'நான்' என்பவன் செய்கிற வேலையா? ஆனால் அதைச் செய்தவள் வந்து 'நான், நான்' என்று நெஞ்சில் தட்டிச் சொன்னால்தான் பதவியாம். வெட்கம் கெட்ட நியாயம்!

"இனி 'நான்' எண்டு கதைக்கப் பழகட்டாம் மாமா, மனேஜர் சொல்றார்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ராத்தா கஞ்சிக் கோப்பைகளை வைத்தாள். றிஸ்னாவின் போன் அடித்தது. அதே மனேஜர். அதே சிஸ்டம் மறுபடி விழுந்துவிட்டதாம். அன்று டியூட்டி வேறொருவருக்கு. என்றாலும் ஸ்பீக்கரில் ஆங்கிலம் சீறியது: "இது உன்னுடைய சிஸ்டம். நீதான் உடனே பார்க்க வேண்டும்."

கேட்டீர்களா? திருத்தியது யார் என்று தெளிவில்லை. விழுந்தால் மட்டும் ஆள் தெளிவு!

றிஸ்னா கையில் பேரீச்சம்பழத்தை எடுத்தாள். "சேர், நாங்கள் பார்ப்போம்" என்று அமைதியாக ஆங்கிலத்தில் சொன்னாள். போனை ஓஃப் பண்ணிவிட்டு எங்களோடு வந்து இருந்தாள்.

பாங்கு கேட்டது. நாங்கள் நோன்பு திறந்தோம்.