சென்சாருக்கு வைத்த பொட்டு

என் ஆராய்ச்சி எல்லாம் ஒரு ரயிலைத் தண்டவாளத்தில் படாமல் அந்தரத்தில் நிறுத்துவது பற்றித்தான். முழு ரயில் இல்லை, பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் மேசை அளவுக்கு ஒரு மாதிரி. இரும்புத் தண்டவாளத்துக்கு அடியில் நாலு மின்காந்தங்கள் பொருத்திய பெட்டி. கரண்ட் கொஞ்சம் கூடினால் மேலே போய் டமாரென்று ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் கீழே விழும். பொங்கும் பாலுக்கு அடுப்பைக் கூட்டிக் குறைப்பது போலக் கரண்டைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். எவ்வளவு திருத்துவது என்பதை, இடைவெளியை அளக்கும் லேசர் சென்சார்தான் சொல்லும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் பேராசிரியர்கள் பார்க்க வருவதாக இருந்தது. பத்து நிமிஷம் பெட்டி மிதந்தால் எனக்கு இன்னொரு வருஷம் நீட்டிப்பு. இல்லையென்றால் இந்த நாட்டில் தங்குவதற்கான மாணவர் பாஸ் முடிந்து நான் ஊருக்கு, திருச்சிக்கு மூட்டை கட்டவேண்டும். கப்பல் பட்டறையில் வெல்டிங் சூப்பர்வைசரான என் வீட்டுக்காரர் இங்கே தனியாகக் கிடக்கவேண்டும். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

பூஜையன்று அவர் தேக்கா கடைத்தெருவில் சந்தனம், குங்குமம், பூ வாங்கிக்கொண்டு சோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டார். அவர்கள் பட்டறையில் பொட்டு வைக்காத மெஷினை மறுநாள் யாரும் தொடமாட்டார்களாம். நானும் சிரித்துக்கொண்டே அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டுக் காபி வாங்கப் போனேன்.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டேன். டமார். மூன்று தடவையும் அதே கதை. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. கரண்டைத் திருத்தும் கணினி நிரலை எழுதிய என்னையே கண்டபடி திட்டினேன். ஒரு மணி நேரம் கணக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் டார்ச் அடித்துப் பெட்டிக்குள் பார்த்தால், சென்சாரின் கண்ணாடி மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். இருப்பதிலேயே பெரிய பொட்டு அதுதான்.

அவருக்குப் போன் போட்டேன். "உங்களுக்கு அறிவிருக்கா? அதுல போயா பொட்டு வைப்பீங்க?"

பட்டறை இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "அதை நம்பித்தான் எல்லாமே நிக்குதுன்னு நீதானே சொன்ன?" என்றார்.

சொன்னேன்தான். தினமும் சாப்பிடும்போது அதே பேச்சால் அவர் காதைத் துளைத்திருக்கிறேன். போனை வைத்துவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கண்ணாடியைத் துடைத்தேன். காந்தங்களில் இருந்த பொட்டுகளைத் துடைக்க மனசு வரவில்லை.

பேராசிரியர்கள் முன்னால் பெட்டி பத்து நிமிஷமும் ஆடாமல் மிதந்தது. நீட்டிப்பு உறுதி என்று பேராசிரியர் சொன்னதும் வெளியே ஓடிவந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "நிக்குதா?" என்றார். நிற்கிறது, ஒரு வருஷம் கொடுத்துவிட்டார்கள் என்றேன். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. இரைச்சலுக்கு மேலே யாரிடமோ அவர் கத்துவது கேட்டது.

"டேய், அவ போகலைடா. இங்கதான் இருக்கப்போறா."