குற்றாலத்துக் காற்றில் உப்பு உண்டா?

என் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. கெமிஸ்ட்ரி என்று வந்துவிட்டால் எதிரில் இருப்பது யார் எவர் என்று பார்க்கமாட்டார். அந்த வாயால்தான் நான் ஏழு மாதம் தென்காசியில் பிறந்த வீட்டில் கிடந்தேன்.

நடந்தது இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கல்யாணமான கையோடு தூத்துக்குடிக்குக் குடித்தனம் போனேன். அவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். போன இரண்டாம் மாதமே எனக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. பதறியடித்து வந்த என் அப்பாவிடம், ஒன்றுமில்லை மாமா, சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாரா? பாடம் எடுத்தார்.

"அலை உடையும்போது நுரையில உள்ள குமிழி வெடிக்கும் மாமா. அதுல தெறிக்கித துளி காத்துலயே காஞ்சு, கண்ணுக்குத் தெரியாத தூளாயிரும். பெரும்பாலும் நாம சாப்பிடுத உப்புதான். கொஞ்சம் மக்னீசியம், சுண்ணாம்பு, கந்தகச் சத்தெல்லாம் உண்டு. இங்க மூச்சு விடுத ஒவ்வொருத்தரும் அதத்தான் உள்ள இழுக்கோம்!"

சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தத் தூளை இவரே இடித்துச் சலித்து ஊருக்கு அனுப்பியதுபோல!

"அப்போ எம்மவ நெஞ்சுக்குள்ள உப்புல்லா எறங்குது!" என்று அப்பா அன்றைக்கே என்னை ரயிலேற்றிவிட்டார். சின்ன வயதில் மார்கழி தோறும் தென்காசியிலேயே எனக்கு இழுத்தது அவருக்கு வசதியாக மறந்துபோயிற்று. ஞாபகப்படுத்தினால், "அது பனி" என்றார். இழுப்பு பத்து நாளில் நின்றுவிட்டது. அப்பாவின் பிடிவாதம்தான் நிற்கவில்லை.

எனக்கோ என் கணவரைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டு இப்போது சொல்கிறேன், அப்போது யாரிடம் சொல்ல? அம்மாவிடம் வாயெடுத்தாலே முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். "ஒத்தப் பிள்ள. இன்னும் கொஞ்ச நாள் எங்கூட இருந்துட்டுத்தான் போயேன்ட்டி."

ஆடிச் சாரலுக்குக் குற்றாலத்தில் வீடெடுத்துத் தங்கியிருந்தோம். ஒருநாள் அவர் மருந்துப் புட்டிகள் வைத்த மரப்பெட்டியோடு வந்து இறங்கினார்.

"மாமா, செங்கோட்டைக் கணவாய் வழியா வருத காத்து மலையாளக் கடல்ல இருந்துதான வருது? அந்த உப்பு இங்கயும் இருக்கு. நான் காட்டுதேன்."

அப்பா சிரித்தார். "காட்டுங்க மாப்ளே. இருந்தா நாளைக்கே அவள அனுப்பி வைக்கேன். இல்லேன்னா தை மாசம் வரைக்கும் இந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

தை மாதமா! அதற்கு இன்னும் முழுசாக ஆறு மாதம் கிடந்தது.

மறுநாள் காலையில் மொட்டை மாடியில், காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு பீங்கான் தட்டில் ஊற்றி, இலை தழை விழாமல் மேலே மெல்லிய துணி கட்டி வைத்தார். பகலெல்லாம் காற்றும் சாரலும் அதில் படவேண்டும். சாயங்காலம் அதில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினால், உப்பு இருக்கும் பட்சத்தில் தண்ணீர் வெளுக்கும். "தூத்துக்குடியில நல்லாக் கலங்கும். இங்க லேசா மங்கும், கூர்ந்து பாத்தாத்தான் தெரியும்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். கூர்ந்து பார்க்கிற ஆளா என் அப்பா? மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டே வீடெல்லாம் கண்ணாடியைத் தேடுகிறவர்!

மத்தியானம் எல்லாரும் கண் அயர்ந்ததும் மாடிக்குப் போனேன். துணியை விலக்கி ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு, இறங்கி வந்து படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி மருந்தைச் சொட்டினார். மங்கவா செய்தது? தயிராகத் திரண்டு அடியில் இறங்கியது. அவர் திடுக்கிட்டு, காப்பியடித்த பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"யம்மாடி! இதுக்குத் தூத்துக்குடியே தேவல போலிருக்கே!" என்றார் அப்பா.

"காத்து... இன்னைக்குக் கொஞ்சம் பலம் மாமா."

கெமிஸ்ட்ரியில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். எனக்காகச் சொன்னாரே என்று அப்படியொரு சந்தோஷம் எனக்கு. அப்பா சொன்ன சொல் மாறமாட்டார். பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்.

ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் என் காதைக் கடித்தார். "ஒரு மரக்கா உப்பா கொட்டுனே?"

"சத்தியமா ஒரு சிட்டிகைதான்."

"சிட்டிகைக்கு இவ்வளவு திரளாதே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மனசு குறுகுறுக்க, பெட்டியில் சேலை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

"நீயும் போட்டியா? சொல்லியிருந்தா நான் கொறச்சுப் போட்டிருப்பேம்லா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ போவாதேன்னு தெனம் அழுதியே?"

"அழுக வந்துது, அழுதேன். அதுக்காக ஒன்ன இங்கனயே வச்சுக்கிடவா முடியும்?" என்று மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள்.

ஏழு மாதமாகப் போகத் துடித்த எனக்கு, அப்போது பார்த்து அவளை விட்டுப் போக மனசே வரவில்லை.