பொங்கிய மாவும் அம்மாவின் வண்டியும்

செம்பாக்கம் வேகத்தடையில்தான் அந்த எண்ணம் வந்தது. மருத்துவமனையிலிருந்து அம்மாவை எங்கள் பழைய வண்டியில் அழைத்து வந்துகொண்டிருந்தோம். திரும்புகிற வழியில் கடைகளுக்கு இட்லி மாவும் போட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. மாமா எவ்வளவு மெதுவாக ஏற்றியும் பின் சக்கரம் தொம்மென்று இறங்கியது. பின்னாலிருந்த ட்ரம்மின் மூடி எகிறிச் சாலையில் உருண்டது. அம்மா இருக்கையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"மாவுக்காவது ஒரு மூடி இருக்கு. என் முதுகுக்கு என்னடி இருக்கு?"

மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடியை எடுக்க இறங்கியவள் அப்படியே குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தேன். இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிய பழைய ஸ்பிரிங். சுமை இழுக்கச் செய்தது, மனிதரைச் சுமக்கச் செய்ததல்ல. இதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டால் என்ன?

முதலாம் ஆண்டு நினைவு மலரை வண்டியின் அடியிலிருந்து தொடங்குவதற்கு உறவினர்கள் பொறுத்தருள வேண்டும். அம்மாவைப் பற்றி எங்கிருந்து எழுதத் தொடங்கினாலும் நான் அந்த வண்டிக்குத்தான் வந்து சேர்கிறேன்.

அம்மா பிறந்தது மாடம்பாக்கத்தில், விவசாயக் குடும்பத்தில். பிள்ளைகளில் மூத்தவர். நிலமெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த காலத்தில் பத்தாம் வகுப்பு முடித்து, செம்பாக்கத்துக்கு மருமகளாக வந்தார். ஏலத்தில் வந்த, நாலு சக்கரமும் இழுக்கிற இந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டியை அப்பாதான் வாங்கினார். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். வண்டியை விற்றுவிடச் சொல்லி வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். காரியம் முடிந்த பிறகு அம்மா போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொண்டார். தம்பியான மாமா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்.

டீக்கடையில் நின்ற ஒருவர், "ஓரமா போங்கப்பா, அக்கா வண்டி ஓட்டுது" என்று கத்தினாராம். அம்மா வண்டியை நிறுத்தி, "நீ போகாதப்பா, அங்கேயே நில்லு. வளைச்சு எடுக்கக் கத்துக்கணும்" என்றாராம். அந்த மனிதர் பிறகு அம்மாவின் மாவுக்கு நிரந்தர வாடிக்கையாளரானார்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரை கடை கடையாக அம்மாவின் மாவு போனது. அதில்தான் நான் இயந்திரவியல் படித்தேன், சிறுசேரியில் வேலைக்கும் போனேன். அம்மாவுக்குக் கோபம் சட்டென்று வரும், அதே வேகத்தில் போகும். புளித்த மாவை ஒருநாளும் விற்றதில்லை. பசியென்று வந்தவரை மாவோடு அனுப்பாமல், இட்லியாக்கித் தந்தே அனுப்புவார்.

முதுகுவலி என்றுதான் தொடங்கியது. புற்றுநோய் முதுகெலும்பை அரித்திருக்கிறது என்று மருத்துவர் படத்தைக் காட்டினார். வாரந்தோறும் சிகிச்சை, ஒன்றும் தவறக் கூடாது. குலுக்கலும் கூடாது. எலும்பு நொறுங்கினால் கால்கள் இயங்காமல் போய்விடலாம். அம்மா நோயின் பெயரைக்கூடத் திரும்பக் கேட்கவில்லை. "நடக்க முடியாமப் போயிடுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து வாடகைக் காரில்தான் போய்வந்தோம். ட்ரம் மூடி உருண்ட அந்த நாளில் மட்டும் கார் கிடைக்காததால் வண்டியில் போனோம், அந்த வேகத்தடையும் குறுக்கே வந்தது. ஆனால் எங்கள் தெருவை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஏரி நிரம்பினால் கார், ஆட்டோ எல்லாம் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். உள்ளே வந்து போக முடிந்தது எங்கள் வண்டி ஒன்றுதான். அது வராவிட்டால் சிகிச்சை போகும். அதில் ஏற்றினால் கால்கள் போகும். ஐப்பசி பிறக்க அதிக நாள் இல்லை.

குரோம்பேட்டைச் சித்தி தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி அழுதார், பிறகு கோபித்துக்கொண்டார். அம்மாவோ, "ரெண்டு கிரைண்டரையும் சேத்துக் கூப்பிடு, வரேன்" என்று சொல்லிவிட்டார். ஆகவே வண்டியை மாற்றுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

சேலையூரில் பட்டறை வைத்திருக்கும் யூசுஃப் பாயிடம் போனேன். அவர் நான் வரைந்து கொண்டுபோன படத்தை வாங்கி, தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.

"இன்னாமா, சட்டைக்குப் பட்டன் மாத்தற மாதிரின்னு நினைச்சுக்கினியா? பட்டைதானே அச்சைப் புடிச்சிக்கினு கீது. அத்தை எடுத்துட்டா அச்சு எங்க நிக்கும்? ரோட்லதான் நிக்கும்!"

"தெரியும் பாய். நாலு தண்டு கொடுத்து அச்சை சேஸ் சட்டத்தோட பிடிச்சுக்கலாம். பக்கவாட்டுல ஆடாம குறுக்க இன்னொண்ணு. பாருங்க, போட்டிருக்கேன்."

"படம் ஷோக்காத்தான் கீது. மழை எப்ப வரும்னு அதுல போட்டிருக்கியா?"

மறுநாளே வேலை தொடங்கியது. அலுவலகப் பேருந்திலிருந்து இறங்கி நேராகப் பட்டறைக்குப் போவேன். மாமா வண்டியைத் தூக்கி நிறுத்துவார், பாய் வெல்டிங் பிடிப்பார், நான் அளப்பேன். ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம் முதல்முறை சாய்ந்துபோனது. "ஒரு நூல்தானே" என்று அந்த அரைக்கால் அங்குலச் சாய்வைக் காட்டினார் பாய். நான் முடியாது என்றேன். திட்டிக்கொண்டே வெட்டியெடுத்து மறுபடி வைத்தார். அடுத்த தடவை நான் குறித்த துளையே தப்பாகிவிட்டது. அன்று முழுவதும் என்னை "இன்ஜினியரம்மா" என்றே கூப்பிட்டார்.

பல்லாவரத்தில் ஸ்பிரிங் சுற்றித் தருபவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: பின் அச்சில் எவ்வளவு எடை வரும்? காலையில் மாவு ஏற்றிக் கிளம்பிய வண்டியை அப்படியே எடை மேடையில் ஏற்றி, வந்த கணக்கைக் கொடுத்தோம். கம்பியின் தடிமனும் சுற்றும் அதை வைத்துத்தான் முடிவாயின.

புது ஸ்பிரிங் மாட்டியதும் எப்படிச் சோதிப்பது என்று பேச்சு வந்தது. அம்மா கட்டிலில் படுத்தபடியே வழி சொன்னார். "பொங்கின மாவு ஒரு பக்கெட் வெச்சு ஓட்டுங்க. குலுங்கினா அமுங்கிடும். அதைவிடவா உங்க மிஷின் சொல்லப்போவுது?" அப்படியே செய்தோம். மாவு போடப் போகும்போது ட்ரம்களுக்கு நடுவே, விளிம்புவரை பொங்கிய ஒரு பக்கெட். முதல் நாள் பாதி அமுங்கியே திரும்பியது. அம்மா எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "ஊத்தப்பத்துக்கு ஆகும். இட்லிக்கு ஆகாது." ஷாக் அப்சார்பரை மாற்றினோம், தண்டுகளின் ரப்பரை மாற்றினோம். கடைசியில் ஒருநாள் பக்கெட் போனபடியே திரும்பி வந்தது. அந்த மாவில் வார்த்த இட்லியைப் பாய் தின்றுகொண்டே இருந்தார். மழைக்கு முன்னால் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

ஏரி நிரம்பிய வாரத்தில் சிகிச்சை நாள் வந்தது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பின்னாலிருந்த ட்ரம்களையெல்லாம் இறக்கிவிட்டு, மெத்தை விரித்து, அம்மாவைப் படுக்கவைத்துத் தார்ப்பாய் கட்டினோம். மாமா ஓட்டினார். பாய் தன் வேலையைத் தானே பார்க்க வேண்டும் என்று முன்னால் ஏறிக்கொண்டார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தண்ணீருக்குள் மறைந்திருந்த முதல் பள்ளத்திலேயே வண்டி எங்களைத் தூக்கிப் போட்டது. அம்மாவின் வாயிலிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இரண்டாவது பள்ளம். அம்மா துண்டைக் கடித்துக்கொண்டார். பழைய பட்டையே இதைவிடத் தேவலை. அடியில் ஏதோ இடித்தது.

"மச்சான், நிறுத்து!" பாய் தொடையளவு தண்ணீரில் குதித்து, கையை விட்டு அடியில் தடவினார். "வெல்டு கல்லு மாதிரி கீது. ஒண்ணும் உடையல. அப்புறம் ஏன் இப்படி எகிறுது?"

"இன்ஜினை அணைக்க முடியாது பாய்" என்றார் மாமா. "அணைஞ்சா இங்கதான் கிடக்கணும்." சைலன்சர் தண்ணீருக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் போனாலும் அதே பள்ளங்கள்தான். அம்மாவின் கால்விரல்களை அசைக்கச் சொன்னேன். அசைத்தார். எனக்கு மூச்சு வந்தது.

அம்மா துண்டை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பாயைத் திட்டாதீங்க. இந்த வண்டி இவ்ளோ லேசா போனதே இல்லடி."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "எடை! பாய், நாம ட்ரம்மோட எடை போட்டோம்! பக்கெட்டையும் ட்ரம்மோடதான் ஓட்டிப் பார்த்தோம்!"

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் பேஜாரே!"

எங்களுக்கு வண்டி என்றாலே மாவு ட்ரம்கள் நிறைந்த வண்டிதான். காலி வண்டி என்று ஒன்று உண்டு என்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அத்தனை சுமைக்குச் சுற்றிய ஸ்பிரிங், மெலிந்துபோன அம்மாவை மட்டும் வைத்தால் அசையுமா? வருகிற இடியையெல்லாம் அப்படியே மேலே அனுப்பியது.

நாலு வீடு தள்ளி அண்ணாச்சியின் மளிகைக் கடை. காலி மாவு ட்ரம்களை அவர் கடைக் கம்பத்தில் கட்டி வைப்பது வழக்கம். அவை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. மாமா ஆமை வேகத்தில் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்க, ட்ரம்களைப் பின்னால் ஏற்றி, கடை வாசலில் தொங்கிய பக்கெட்டால் தெருத் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். அண்ணாச்சி கடைக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

"மாவு வர்ற ட்ரம்முல சாக்கடைத் தண்ணியாம்மா? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னையக் கொன்னுபோடுவாங்க!"

தார்ப்பாய்க்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வேற ட்ரம் வாங்கிக்கலாம் அண்ணாச்சி. முதல்ல ஊத்துங்க!"

அண்ணாச்சியும் ஒரு பக்கெட்டைத் தூக்கினார். பாய் குனிந்து, ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் ஊத்து... இன்னும்... உக்காருது, உக்காருது... போதும்!" ட்ரம்களை இருபுறமும் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம்.

வண்டி நகர்ந்தது. நான் அம்மாவின் இடுப்புக்கடியில் கையைக் கொடுத்துக்கொண்டேன். அடுத்த பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. தண்ணீர் எல்லாவற்றையும் மூடியிருந்தது. திடீரென்று பின்பக்கம் இறங்கியது. மெதுவாக எழுந்தது. அவ்வளவுதான். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயில் துண்டு இல்லை.

"இட்லிக்கு ஆகும்" என்றார்.

அந்த மழைக்காலம் முழுவதும் தண்ணீர் ட்ரம்களோடுதான் அம்மாவை அழைத்துப் போனோம். ஒரு சிகிச்சைகூடத் தவறவில்லை. நோய் கடைசியில் வேறு வழியாக வந்தது. நுரையீரலைப் பிடித்தது. சென்ற ஆவணியில், வீட்டிலேயே, சித்தியின் மடியில் தலைவைத்தபடி அம்மா கண்மூடினார். அதற்கு முந்தின வாரம்வரை சுவரைப் பிடித்தபடி தாமாகவே நடந்துபோய்க் கிரைண்டரில் மாவைத் தொட்டுப் பதம் பார்த்தார். மருத்துவரிடம் அம்மா கேட்ட அந்த ஒரே கேள்விக்கு இதுதான் பதில்.

கோபத்தை மறந்து கடைசி மாதங்களில் எங்களோடேயே தங்கிய சித்திக்கும், வண்டியை விட்டு இறங்காத மாமாவுக்கும், இரவல் வாங்கிய பக்கெட்டை இன்னும் திருப்பிக் கேட்காத அண்ணாச்சிக்கும், அம்மாவை வண்டியில் தூக்கி ஏற்றி இறக்கிய தெருப் பிள்ளைகளுக்கும், அம்மாவின் வலியறிந்து கைவைத்த செவிலியர்களுக்கும், யூசுஃப் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாய் இதைப் படித்துவிட்டு, "எடை போட்டது நீதான்னு எழுதலியே" என்று கேட்பார். மூன்று பேரும் சேர்ந்துதான் போட்டோம் பாய்.

பின் தெரு கௌசல்யா அக்காவுக்கு வரும் ஐப்பசிக் கடைசியில் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். ஏரியும் அப்போதுதான் நிரம்பும். ஒவ்வொரு முறையும் ட்ரம் தேடி ஓட முடியாது. ஆகவே புது ஸ்பிரிங் ஒரு ஜோடி சுற்றி வந்திருக்கிறது. ஒரு பக்கம் சுற்றுகள் நெருக்கம், மறுபக்கம் அகலம். லேசான சுமைக்கு நெருங்கிய சுற்றுகள் இளகிக் கொடுக்கும், சுமை ஏற ஏற அவை ஒன்றோடொன்று படிந்துவிட, அகன்ற சுற்றுகள் தாங்கும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. கணக்கை நம்பி ஒருமுறை பட்டாயிற்று.

இன்று படையல். நாளைக் காலை அதை மாட்டப்போகிறோம். இன்று மாலை நானே மாவு அரைத்து, பக்கெட்டில் ஊற்றி மூடி வைப்பேன். ட்ரம் ஒன்றும் ஏற்றாமல், காலி வண்டியில், பொங்கிய அந்த ஒரு பக்கெட்டை மட்டும் வைத்து, செம்பாக்கம் வேகத்தடையில் ஏற்றி இறக்கப்போகிறோம். ஒரு விரலளவு அமுங்கினாலும் கழற்றிவிட்டு மறுபடி சுற்றக் கொடுப்போம்.