எதை வைத்து அளந்தீர்கள்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை காபி கூடக் குடிக்கவில்லை, மெயில் வந்துவிட்டது. ஆய்விதழுக்கு நான் அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்த நிபுணர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். வோல்ட் கணக்கெல்லாம் சரி... எதை வைத்து அளந்தீர்கள்?

காபியை மறந்து லேபுக்கு ஓடினேன்.

ஏன் என்று சொல்கிறேன். நான் ஜெர்மனியில், ஹனோவரில் ஒரு லேபில் பேட்டரிக்கான புது மூலக்கூறுகளைச் செய்து, அவை எத்தனை வோல்ட்டில் எலக்ட்ரானை விடுகின்றன என்று அளக்கிறவன். இதில் ஒரு சங்கடம். வோல்ட் தனியாக நிற்காது; அது எப்போதும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். 'என் பையன் அரை அடி கூடுதல் உயரம்' என்று ஒருவர் சொன்னால், யாரைவிட என்று கேட்பீர்களா, இல்லையா?

தண்ணீரில் அளப்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நிலையான மின்முனைகள் உண்டு. என் மூலக்கூறுக்கோ தண்ணீரே ஆகாது. அதனால் வேறு திரவத்தில் ஒரு வெள்ளிக் கம்பியை நிறுத்தி, அதை வைத்து அளப்போம். அந்தக் கம்பிக்கு இன்றைக்கு ஒரு பேச்சு, நாளைக்கு ஒரு பேச்சு!

அதற்குத்தான் ஃபெரோசீன் என்ற ஆரஞ்சு நிறப் பொடி. கடைசியில் ஒரு சிட்டிகை போட்டு இன்னொரு தடவை அளந்தால், அதன் முகடு கிராஃபில் தெரியும். கம்பி எப்படித் தள்ளாடினாலும், அந்த முகட்டிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

நான் போடவில்லை. மூன்று மாதமாக, ஒரு நாள் கூட.

போட்டால் கரைசல் கலப்படமாகிவிடும், பாடுபட்டுச் செய்த மூலக்கூறைத் திரும்ப எடுக்க முடியாதே என்ற பேராசை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்படிச் சேமித்ததெல்லாம் பேட்டரிச் சோதனையில் தீர்ந்துபோனது; இனி மறுபடி அளக்கவும் வழியில்லை. கட்டுரை வராவிட்டால் என் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள். மனைவியிடம் கூடச் சொல்லவில்லை.

சுகந்தியிடம்தான் சொன்னேன். எங்கள் லேப் டெக்னீஷியன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகள். பிறந்து வளர்ந்தது, 'அவுஸ்பில்டுங்' என்ற தொழிற்பயிற்சி முடித்தது எல்லாம் இங்கேதான். அளந்து முடித்ததும் நான் கரைசலை உறிஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கரைசல் இருந்த குப்பியை, அதாவது கண்ணாடிச் செல்லை, கழுவி வைப்பது அவர் வேலை. ஒரு செல்லைக் கழுவ அரை மணி நேரமா என்று புரொபசரிடமே அவரைப் பற்றி முணுமுணுத்தவன் நான்.

சுகந்தி பதறவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். தேதிவாரியாக ஃபைல்கள். ஒவ்வொரு நாளும் நான் போன பிறகு, கம்பியை எடுக்காமல், அடியில் மிஞ்சிய கரைசலில் ஒரு சிட்டிகை ஃபெரோசீன் போட்டு அளந்து வைத்திருக்கிறார். என் மூலக்கூறின் முகடும் ஃபெரோசீனின் முகடும் பக்கத்தில் பக்கத்தில்!

"கழுவ முதல் ஒருக்கா ஃபெரோசீன் போட்டுப் பாக்கவேணும் எண்டுதான் அவுஸ்பில்டுங்கில படிச்சனான் அண்ணை. நீங்கள் சொல்லேல்லை எண்டதுக்காக விட ஏலாதுதானே."

ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டேன். ஃபோல்டர் என் பெயரில்தானே இருக்கிறது, பார்த்திருப்பேன் என்று நினைத்தாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் அவசரத்தை வைத்து அளந்ததால்தான் சுகந்தி எனக்கு மெதுவாகத் தெரிந்தார். நம்மில் பாதிப்பேர் இப்படித்தானே? ஜெர்மன்காரர் விறைப்பு, மாமியார் கறார், பக்கத்து வீட்டுக்காரர் கஞ்சம்... ஆளாளுக்கு அளந்து தள்ளுகிறோம். எதை வைத்து என்று யாராவது கேட்டால் முழிக்கிறோம்.

புரொபசரிடம் போய் என் முணுமுணுப்பை வாபஸ் வாங்கினேன். கட்டுரையின் வோல்ட் கணக்கையெல்லாம் ஃபெரோசீன் முகட்டிலிருந்து எண்ணித் திருத்தி, என் பெயருக்கு அடுத்து சுகந்தியின் பெயரைச் சேர்த்தேன். நேற்று ஆய்விதழில் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். செல்லைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"சந்தோசம் அண்ணை. நாளையில இருந்து ஃபெரோசீனை நீங்களே போடுங்கோ."

இன்று நானேதான் போட்டேன் — பின்னால் நின்று சுகந்தி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.